திரையின் ஓரத்தில் பச்சை

காலையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். பெரிய பெட்டியெல்லாம் இல்லை, ஒரு பிஸ்கட் டின் அளவுதான். கணினிக்கு நல்ல ஒலி வேண்டுமென்று நேற்று பினாங்கு கொம்தார் கடைத்தொகுதியில் வாங்கிய ஸ்பீக்கர் செட். சின்ன ஸ்பீக்கர்கள் இரண்டும் சாதுவாக மேசைமேல் உட்கார்ந்துவிட்டன. மூன்றாவது, அந்த அடித்தொண்டைக்கார சப்வூஃபர்தான் படுத்துகிறது. மேசைக்கு அடியில் வைத்தேன், கணினிப் பெட்டியில் இடித்தது. சோபா பக்கம் கொண்டுபோனேன், வயர் எட்டவில்லை. ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மனம் அங்கேயே நிற்கிறது. மறுபடி எழுந்து மறுபடி மேசைக்கு. என் கணவர் பேப்பரை இறக்காமலே, “பசியாறிட்டு அப்புறம் நகத்தேன்” என்றார். தோசை ஆறிப்போனது.

விற்ற பெண்ணிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். “இதைக் கம்ப்யூட்டர்லேருந்து எவ்வளவு தள்ளி வைக்கணும்மா?”

அவள் சிரித்தாள். “எங்க வேணாலும் வைங்கக்கா. இப்பல்லாம் எங்க வெச்சாலும் ஒண்ணும் ஆகாது லா.”

நல்ல பெண்தான், பை கூடப் பிடித்துக் கொடுத்தாள். ஆனால் அந்தப் பேச்சு என்னை விடுவதாயில்லை. எங்கே வைத்தாலும் ஒன்றும் ஆகாதாம்! இப்படி ஒரு பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் எங்கள் வீடு இரண்டாகப் போனது. அதை அவளிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? உங்களிடம் சொல்கிறேன், உங்களுக்குப் பொறுமை அதிகம்.

புதுப் பெட்டியைப் பிரித்தபோது பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த வாடை வந்தது. என் அண்ணனின் பழைய பெட்டிக்கு அந்த வாடை கிடையாது. அதில் பண்டான் இலை மணக்கும். கரப்பான் அண்டாதென்று இங்கே பலர் காருக்குள் பண்டான் இலைக் கட்டு போட்டு வைப்பார்கள். அண்ணனோ ஒரு செடியையே வெட்டிப் போட்டவன்போல் காரை மணக்க வைத்திருப்பான். காரின் பின்பெட்டியில் அந்த சப்வூஃபர் இருந்தது. பலகையில் செய்து, மேலே சாம்பல் நிறக் கம்பளம் ஒட்டி, நடுவில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர். பின்னால் அதன் காந்தம், அம்மாவின் இடிகல் கனம். அதற்கு மூடியும் இல்லை, கவசமும் இல்லை. காருக்குள் இருக்கிற வரைக்கும் அது யாரை என்ன செய்யப்போகிறது?

தைப்பூசம் வந்தால் அண்ணனைக் கையில் பிடிக்க முடியாது. தண்ணீர்மலை முருகன் கோயில் பாதையில் அவன் கூட்டாளிகள் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கு ஒலி அவன்தான். காரைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்திப் பின்மூடியைத் தூக்கிவிட்டால் போதும், மோர் ஊற்றுகிற அக்காக்களின் கைவளையல் வரைக்கும் அதிரும். “குணா, கொஞ்சம் கொறைடா” என்று ஒருவர் கத்துவார், “கூட்டு அண்ணே” என்று இன்னொருவர் கத்துவார். இரண்டுமே அவனுக்குப் பெருமைதான். ஃபேக்டரியில் அவன் ஆயிரம் பேரில் ஒருவன். பந்தலில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளிருந்தது.

பிறகு ஃபேக்டரியில் ஆள் குறைத்தார்கள். அண்ணனுக்கும் வேலை போனது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் காரை விற்றான். விற்பதற்கு முதல் நாள் பெட்டியையும் அதன் ஆம்ப்ளிஃபயரையும் மட்டும் கழற்றினான். சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியின் லிப்ட் வழக்கம்போல் படுத்திருந்தது. தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வந்து, வாசலில் நின்று மூச்சு வாங்கினான். அம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

“இதை எங்கடா வைக்கப்போற?”

“ஓரமா இருந்துட்டுப் போகட்டும்மா.”

எங்கள் வீட்டில் ஓரம் என்று ஒன்று இருந்தால்தானே! ஒரே கூடம். சாமி மேடை, டிவி, மடிக்கிற சாப்பாட்டு மேசை, இரவில் அண்ணன் விரித்துப் படுக்கும் இடம், அப்புறம் சுவரோடு ஒட்டிய என் கணினி மேசை. அந்த மேசை என் உயிர். லிட்டில் இந்தியாவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நான் கவுண்டரில் நின்றுகொண்டிருந்த காலம் அது. பழைய படங்களைக் கணினியில் திருத்தும் வேலையை முதலாளி அப்போதுதான் என்னை நம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பத் தொடங்கியிருந்தார். கீறல் எடுப்பது, மங்கிய புடவைக்கு நிறம் கொடுப்பது, இறந்தவர் படத்துக்குக் கோட்டும் டையும் மாட்டுவது. உயிரோடு இருந்தபோது ஒரு நாள்கூட கோட்டுப் போடாத எத்தனையோ பேருக்கு நான் மாட்டிவிட்டிருக்கிறேன், என் மேசையில் எல்லாருக்கும் ஒரே தையற்காரர். கவுண்டரில் நின்று வழிகிற கூட்டத்துக்குப் பதில் சொல்வதிலிருந்து எனக்கு விடுதலை வேண்டும் என்றால், அது அந்த மேசை வழியாகத்தான் வரவேண்டும்.

அண்ணனுக்கோ அந்தப் பெட்டி தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. அதை வாய்விட்டு யாரும் சொன்னதில்லை, ஆனால் அம்மா, அண்ணன், நான் என்று வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

கார் பேட்டரியில் ஓடிய சாமானுக்கு வீட்டு மின்சாரம் ஆகாது. அண்ணன் சும்மா இருப்பானா? யாரோ தூக்கிப் போட்ட கணினியிலிருந்து, கார் பேட்டரி மாதிரியே பன்னிரண்டு வோல்ட் தருகிற பவர் சப்ளையைக் கழற்றி வந்தான். ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து அதன் இரண்டு துளைகளில் செருகினான். காற்றாடி சுற்றியது. மஞ்சள் வயரையும் கறுப்பு வயரையும் ஆம்ப்ளிஃபயரில் முறுக்கினான். அடுத்த நிமிடம் எங்கள் வீட்டுக் கரண்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் முகத்தில், வேலை போனதற்குப் பிறகு முதல் தடவையாக, ஒரு வெளிச்சம். எனக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்கப்புறம் அந்தப் பெட்டி வீட்டுக்குள் செய்த யாத்திரையைச் சொல்கிறேன். முதலில் சாமி மேடைக்குக் கீழே வைத்தான். பாட்டுப் போட்டால் திருநீற்றுத் தட்டு மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வரும். அம்மா ஒரு நாள் பார்த்தார், மறுநாள் “சாமியை ஆட வைக்காதடா” என்று சொல்லிவிட்டார். அடுத்த சுவரோரம் வைத்தான். அந்தப் பக்கத்துச் சீன ஆன்ட்டி வந்து, தன் வீட்டுக் கண்ணாடி அலமாரியைப் பற்றி மலாயில் நீளமாகப் பேசிவிட்டுப் போனார். பிறகு டிவி பக்கத்தில். அங்கே வைத்த அன்றைக்கே, அம்மா பார்க்கிற தொடரில் மாமியாருக்குப் பாதி முகம் பச்சையாகிவிட்டது.

“பழைய டிவி, அப்படித்தான் இருக்கும்” என்று அண்ணன் சொன்னான். நான் ஏரியலைத் திருகினேன். அம்மா டிவியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். சத்தம் தாங்காமல் இரண்டு நாளில் பெட்டியை அங்கிருந்து கிளப்பச் சொன்னார், கிளப்பினான். அப்புறம் ஒரு நாள் டிவியை மறுபடி தட்டினார், மாமியார் முகம் தெளிந்துவிட்டது. தன் கைராசி என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் நம்பினோம் என்பதுதான் வெட்கக்கேடு. படித்த பெண் நான், கணினியில் வேலை செய்கிறவள்!

கடைசியில் பெட்டிக்குக் கிடைத்த இடம் என் மேசையின் வலப்பக்கம். மானிட்டருக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்து. அந்தக் காலத்து மானிட்டர், குடம் மாதிரி பின்பக்கம் பெருத்தது, நினைவிருக்கிறதா?

“டேபிள் மேல ஒண்ணும் ஏத்தாத அண்ணே” என்றேன். மேசை அதிர்ந்தால் கணினிக்குள் சுற்றுகிற டிஸ்க் கெட்டுப்போகும் என்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

“ஏத்தல லா. கீழதான், ஸ்டூல் போட்டு வெச்சிருக்கேன். உன் மெசினைத் தொடவே தொடாது.”

உண்மைதான், தொடவில்லை. ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தான். நான் பகலில் ஸ்டூடியோவில் இருக்கும்போது அவன் பாட்டுக் கேட்பான், இரவில் நான் வந்து உட்கார்ந்ததும் நிறுத்திவிடுவான். நிறுத்திவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பான். அவன் நடப்பது என் முதுகில் தெரியும். “எங்கயாவது உக்காரேன்” என்பேன். உட்காருவான், உடனே எழுந்துகொள்வான். இன்றைக்கு என் கணவர் என்னைப் பார்த்துக் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார், ரத்தம் எங்கே போகும்.

அந்தச் சமயத்தில்தான் கீழ்மாடி லெட்சுமி அக்காவின் கணவர் மணியம் அண்ணன் இறந்துபோனார். லோரி ஓட்டியவர். படம் பிடித்துக்கொள்கிற ஆளில்லை. கிடைத்தது ஒரே படம், யாரோ ஒருவர் கல்யாணத்தில், பச்சைத் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே ஓரமாக நின்றிருந்தார். அக்கா அதைக் கையில் கொடுத்துவிட்டு, “கோட்டெல்லாம் வேணாம்மா. சட்டையோட இருக்கட்டும். ஆனா அவரு மாதிரி இருக்கணும்” என்றார். ஞாயிற்றுக்கிழமை கருமக்கிரியை. அதற்குள் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரவேண்டும்.

ஸ்கேன் செய்த படத்தை விரித்தேன். கருவிகளெல்லாம் திரையின் இடப்பக்கம் இருக்கும், ஆகையால் முகத்தை இழுத்து வலப்பக்கம் வைத்தேன். முகம் பச்சை தட்டிக் கிடந்தது. அது பந்தல் நிழல் என்று எடுத்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள், பச்சைத் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறவர் முகம் வேறெப்படி இருக்கும்? பச்சையைக் குறைத்தேன். போதவில்லை. சிவப்பைக் கூட்டினேன். அவர் கன்னம் மனுஷக் கன்னமாகிற வரைக்கும் கூட்டிக்கொண்டே போனேன். எனக்கே திருப்தியாக இருந்தது, அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அப்படியே இருக்காரு” என்றான்.

வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவில் அச்சிட்டு எடுத்தார்கள். முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் தக்காளி. மூக்கு நுனி இன்னும் மோசம்.

“என்னம்மா இது? தண்ணி போட்டுட்டு நிக்கிற மாதிரி இருக்காரு. செத்த மனுசன்மா!” போன வாரம் ஒரு கல்யாணப் பெண்ணும் சிவந்துபோனாள், அதற்கு மை சரியில்லை என்று அச்சு இயந்திரத்தைத் திட்டியிருந்தார். இப்போது திட்டுவதற்கு நான் கிடைத்தேன். “நாளைக்குள்ள சரி பண்ணிக் கொண்டா. இதுவும் திரும்பி வந்துச்சுன்னா வீட்டு வேலையெல்லாம் வேணாம், கவுண்டர்லயே நில்லு.”

நான் பதில் சொல்வதற்குள், படம் ஆகிவிட்டதா என்று பார்க்க லெட்சுமி அக்காவே உள்ளே வந்துவிட்டார். மறைக்க நேரமில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். திட்டவில்லை. “இது அவரு இல்லம்மா” என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் அச்சையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். திரையில் மணியம் அண்ணன் நன்றாகத்தான் இருந்தார். கையில் இருந்த காகிதத்தில் தக்காளி. எனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்றே முடிவு கட்டிவிட்டேன். பின்னால் நடந்துகொண்டிருந்த அண்ணன் நின்றான்.

“வெள்ளையா ஒரு பக்கம் திறந்து காட்டு.”

திறந்தேன். வெற்றுப் பக்கம். இடப்பக்கம் வெள்ளை. வலப்பக்க மூலையில், வெற்றிலைச் சாறு ஊறினதுபோல் மெல்லிய பச்சை. தினமும் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டிருந்தது. பந்தல் நிழலென்று நான் குறைத்த பச்சை படத்துடையது அல்ல, திரையுடையது.

அண்ணன் குனிந்து ஸ்டூலோடு பெட்டியை ஒரு கை நீளம் பின்னால் இழுத்தான். பச்சை சுருங்கியது. முன்னால் தள்ளினான். பச்சை மூலையிலிருந்து நடுவுக்கு நடந்து வந்தது. மறுபடி இழுத்தான், மறுபடி போனது. நான் சொல்லவே தேவையில்லாமல் போனது. “அம்மாவோட டிவியும் இதான்” என்றான். “மேக்னட் லா. என்னோட மேக்னட்.”

சிரித்தபடிதான் சொன்னான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்தார். “அப்போ எடுத்துத் தூர வெச்சிடு.”

“எங்கம்மா?”

மூன்று பேரும் கூடத்தைச் சுற்றிப் பார்த்தோம். சாமி மேடை. டிவி. சீன ஆன்ட்டியின் சுவர். என் மேசை. அறைக்குள் அம்மாவும் நானும் படுக்கிற கட்டில், அதைச் சுற்றி நடக்கவே பக்கவாட்டில்தான் போகவேண்டும். வெளியே நடைபாதையில் வைத்தால் நிர்வாகத்தில் புகார் போகும். எங்களில் யாராவது ஒருவர், “சரி, மேசையை எடுத்துடலாம்” என்று சொல்லியிருந்தால்? யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவள் நான்தான், நான் பெட்டி நகர்ந்தால் போதும் என்று இருந்தேன்.

“சேகர் வீட்டுல கொண்டுபோய் வைக்கிறேன்” என்றான் அண்ணன். சேகர் அவன் கூட்டாளி, கடல் தாண்டிப் பெருநிலத்தில், பத்து காவான் என்ற ஊரில், பழைய தோட்டத்து வீடொன்றில் இருந்தான். அன்றைக்குப் பத்து காவானில் இந்தத் தொழிற்பேட்டையும் புதுவீடுகளும் கிடையாது, செம்பனைத் தோட்டம்தான். “அங்க எவ்வளவு சத்தம் வெச்சாலும் கேக்க ஆளில்ல.”

பெட்டியை அப்போதே நடைபாதைக்குக் கொண்டுபோய் வைத்தான். நான் மானிட்டருக்குக் கீழே இருந்த பொத்தானை அமுக்கினேன். உங்களில் பலர் அதை மறந்திருப்பீர்கள். காந்தம் பட்டுக் குழம்பிய நிறத்தைச் சரிப்படுத்துகிற பொத்தான். “டொய்ங்” என்று ஒரு சத்தம், திரை முழுக்க ஒரு உதறல், நிறங்களெல்லாம் ஒருமுறை தண்ணீரில் ஆடுவதுபோல் ஆடிவிட்டு நின்றன. மூலை வெள்ளையாகிவிட்டது. மணியம் அண்ணனைத் திறந்தேன், இப்போது திரையிலும் தக்காளி. சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். வெயிலில் கறுத்த, முன்பல் லேசாகத் தெரிகிற லோரிக்காரர் ஒருவர் மெல்ல வந்து நின்றார்.

அன்று சாயங்காலம் ஸ்டூடியோவில் புதிதாக அச்சிட்ட படத்தைப் பார்த்து லெட்சுமி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டம் போட்டதை வாங்கிக்கொண்டு, கேட்டார்: “அந்தச் செவப்பு படம் எங்க?”

“அது வேஸ்ட் அக்கா. போட்டுடுவோம்.”

“அலாமா, போடறதா? அவரு மொகம்மா. குடு.” இரண்டையும் மார்போடு அணைத்து எடுத்துப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன்தான் கீழே போய்ச் சட்டம் போட்ட படத்துக்கு ஆணி அடித்து மாட்டிவிட்டு வந்தான். பிறகு சேகரின் வேன் வந்தது. பெட்டி, ஆம்ப்ளிஃபயர், கிளிப் செருகிய பவர் சப்ளை, ஒரு பையில் துணிமணி. “செட் பண்ணி குடுத்துட்டு ரெண்டு நாள்ல வாரேன்” என்றான். துணிப் பை எதற்கு என்று அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் அம்மா தொடர் பார்ப்பதற்கு டிவியைப் போட்டார். டிவி வீடே அதிரக் கத்தியது. பெட்டியின் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டுமென்று இத்தனை நாளும் கூட்டிக் கூட்டி வைத்திருந்தார் அல்லவா? பதறிப்போய்க் குறைத்தார். இன்னும் குறைத்தார். குறைத்த பிறகு என் முதுகுக்குப் பின்னால் யாரும் நடக்கவில்லை என்பது தெரிந்தது. எழுந்து சந்தைப் பார்த்தேன். ஸ்டூல் மட்டும் இருந்தது, அடியில் ஒரு காய்ந்த பண்டான் இலை.

இரண்டு நாள் என்றவன் தீபாவளிக்கு வந்தான், போனான். அந்தப் பக்கமே வேலை கிடைத்தது, பிறகு தொழிற்சாலைகள் வந்தன, கல்யாணம் ஆனது, வீடு வாங்கினான். சண்டையா என்றால் இல்லவே இல்லை. நல்லது கெட்டதுக்கெல்லாம் வருவான், வந்தால் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்காருவான். எனக்கு வீட்டு வேலை நிலைத்தது, அதை வைத்தே முன்னுக்கு வந்தேன், இன்றைக்குக் கெலுகோரில் இந்த வீடு. ஸ்டூடியோ இருந்த இடத்தில் போன் உறை விற்கிறார்கள். அம்மா போய் வருஷங்கள் ஆகின்றன. பெருத்த மானிட்டர்கள் போயின, காந்தத்துக்கு மசியாத தட்டைத் திரைகள் வந்தன, அந்தப் பொத்தானும் போனது. இப்போது குழம்பினால் அமுக்குவதற்கு எதுவும் இல்லை.

சற்று முன்னால் அண்ணனுக்குப் போன் போட்டேன். “அந்தப் பெட்டி இருக்கா அண்ணே?”

“எந்தப் பெட்டி?… ஓ, அதுவா! இருக்கு. ஸ்பீக்கர் பேப்பர் எல்லாம் கிழிஞ்சிருச்சு. வாசல்ல போட்டு அது மேல செருப்பு சப்பாத்தெல்லாம் வெச்சிருக்கோம்.”

“மேக்னட்?”

“அதுக்கென்ன, வயசா ஆகப்போவுது? அப்படியே இருக்கும்.”

“கொண்டு வாயேன். இங்க வெச்சுக்கறேன்.”

வேடிக்கையாகத்தான் கேட்டான், அவன் குரலில் வேறெதுவும் இல்லை என்று சத்தியம் செய்வேன். “இப்ப எடம் இருக்கா?”

கூடத்தைப் பார்த்தேன். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே, ஜன்னலுக்குக் கீழே, மேசைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எல்லாம் இடம். காலையிலிருந்து ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு நான் சுற்றிவருகிற அளவுக்கு இடம். “இருக்குண்ணே” என்றேன். “பாப்போம் லா” என்று வைத்துவிட்டான்.

தோசைத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, புதுப் பெட்டியைத் தூக்கித் திரையின் வலப்பக்கம் ஒட்டினாற்போல் வைத்தேன். சாண் இடைவெளிகூட விடவில்லை. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். பாட்டைப் போட்டு, ஒலியைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன். கணவர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை வரவில்லை.